1932 ஃபோர்டு கூப்பே, ஃப்ளாட்ஹெட் வி8: எந்தச் சைலன்சரைப் பொருத்துவது?

அச்சாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவுக்கு அருகே வசிக்கிறேன். சென்ற ஆண்டு 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு ஐந்து ஜன்னல் கூப்பே ஒன்றை வாங்கினேன். அதில் இருப்பது அந்த ஆண்டின் 221 கன அங்குல எஞ்சின் அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 59 ஏபி வகை ஃப்ளாட்ஹெட், 239 கன அங்குலம். மேலே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்பரேட்டர்கள், 1939ஆம் ஆண்டின் மூன்று கியர் பெட்டி, 3.78 விகிதமுள்ள பின் அச்சு, ஏறத்தாழ 28 அங்குல விட்டமுள்ள பின் டயர்கள். எஞ்சினின் திறன் 120 குதிரைத்திறனைத் தாண்டாது என்று நினைக்கிறேன்.

முந்தைய உரிமையாளர் இருபுறமும் தனித்தனிக் குழாய் இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளத்துக்குச் சற்றே கூடுதலான ஒரு சைலன்சரை வைத்திருக்கிறார். வண்டி நிற்கும்போது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மணிக்கு 55 மைல் வேகத்தில் அரை மணி நேரம் போனால் இறங்கியபின்னும் காதுக்குள் ஒரு ரீங்காரம் நிற்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. பழைய ஹாட் ராடுக்கு (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) உரிய குரலும் தோற்றமும் கெடாமல், ஒரு நாள் முழுக்க ஓட்டக்கூடிய சைலன்சர் எது? குழாய் என்ன அளவில் இருக்க வேண்டும்? இணையத்தில் ஒலிப்பதிவுகளை நூறு முறை கேட்டுவிட்டேன். கேட்கக் கேட்கக் குழப்பமே கூடுகிறது.

பட்டறைக்காரன் எழுதியது:

ஒலிப்பதிவுகளை முதலில் மறந்துவிடுங்கள். கைபேசியின் ஒலிவாங்கி தாழ்ந்த அதிர்வெண்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். உங்களுக்குத் தொல்லை தருவதோ அந்தத் தாழ்ந்த ஒலிதான். மேலும் அந்தப் பதிவுகளில் பத்துக்கு ஒன்பது, வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை உறுமவிட்டு எடுத்தவை. நீங்கள் வாழப்போவது நிமிடத்துக்கு 2,500 சுற்றில், பாதியும் திறக்காத த்ராட்டிலில்.

சைலன்சர் என்று நாம் சொல்வதை இங்கே கடைகளில் மஃப்ளர் என்றுதான் கேட்க வேண்டும். ஹாட் ராடுக்கு வாங்கக் கிடைப்பவற்றை உள்ளமைப்பைக் கொண்டு மூன்று குடும்பங்களாகப் பார்க்கலாம். முதலாவது நேர்வழிச் சைலன்சர்: துளையிட்ட ஒரு குழாய் நேரே செல்லும், அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகு இழையோ அடைத்திருக்கும். கிளாஸ்பேக் என்பது இதுவே. இழைக்குள் புகுந்து அலையும் ஒலி வெப்பமாக மாறிக் கரைகிறது. இரண்டாவது, அறைகள் கொண்டது: இழை கிடையாது, உள்ளே சாய்த்துப் பற்றவைத்த தடுப்புத் தகடுகளில் ஒலியலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்கின்றன. மூன்றாவது, புகை உள்ளே முன்னும் பின்னுமாக இருமுறை திரும்பி வெளியேறும் டர்போ வகை. 1962இல் வந்த ஷெவர்லே கார்வேர் மான்சா ஸ்பைடரின் டர்போ எஞ்சினுக்கென்று செய்த, தடை குறைந்த சைலன்சரை மற்ற வண்டிகளுக்கும் பொருத்தத் தொடங்கியதால் வந்த பெயர் அது. பெயரில் டர்போ இருப்பதால் உங்கள் எஞ்சினிலும் டர்போ இருக்க வேண்டும் என்பதில்லை.

என் கருத்து: நேர்வழி வகை, ஆனால் உங்கள் வண்டியின் அடிச்சட்டத்துக்குள் அடங்கும் மிக நீளமானது. உங்களுடைய இப்போதைய சைலன்சரின் குற்றம் அதன் வகையில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. ஒரு சாண் இழையால் தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்ய முடியாது.

நெடுஞ்சாலை நாடோடி எழுதியது:

பட்டறைக்காரன் அவர்களின் கருத்துடன் பணிவாக மாறுபடுகிறேன். என் ஷெவர்லே 350 (கன அங்குலம்) எஞ்சினுக்கு ஃப்ளோமாஸ்டர் நிறுவனத்தின் 40 வரிசை அறைச் சைலன்சர்கள் போட்டிருக்கிறேன். கிளாஸ்பேக்கில் இழை நாளடைவில் எரிந்தும் பறந்தும் போய்விடும். இரண்டாவது ஆண்டில் இருக்கும் சத்தம் முதல் ஆண்டில் இருந்தது அன்று. அறைச் சைலன்சரில் கெட்டுப்போக இழையே கிடையாது. ஆழமான அந்த உறுமலை வேறெதுவும் தராது. ஒரே ஒரு குறை, பெட்டி சற்றே அகலமானது.

பட்டறைக்காரன் எழுதியது:

இழை எரியும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 350க்குப் பொருந்துவது ஃப்ளாட்ஹெட்டுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டும் வி8 என்பதோடு ஒற்றுமை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

ஃப்ளாட்ஹெட்டின் வால்வுகள் சிலிண்டர் தலையில் இல்லை, பிளாக்கில் இருக்கின்றன. வால்வைத் தாண்டிய புகை, சிலிண்டர்களுக்கு இடையே, நீர் சூழ்ந்த பாதை வழியாகப் பிளாக்கைக் குறுக்கே கடந்து வெளிப்புறம் வருகிறது. அந்த எஞ்சின் சூடேறுவதற்குப் பேர்போனது இதனால்தான். போதாததற்கு, ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வாய்கள். நடு இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இப்போது தீப்பொறி வரிசையைப் பாருங்கள்: 1-5-4-8-6-3-7-2. வலப்பக்கம் 1 முதல் 4 வரை, இடப்பக்கம் 5 முதல் 8 வரை. எஞ்சின் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 90 பாகைக்கு ஒரு வெடிப்பு, சீராக வருகிறது. இடப்பக்கத்தை மட்டும் எடுத்தால் இடைவெளிகள் 180, 90, 180, 270 என்று நொண்டுகின்றன. வலப்பக்கமும் அப்படியே. குறுக்குத்தள கிராங்க் (முழங்கைகள் 90 பாகை இடைவெளியில் அமைந்த தண்டு) உள்ள எல்லா வி8 எஞ்சின்களிலும் இந்த நொண்டல் உண்டு, ஷெவர்லே 350இலும் உண்டு. ஆனால் நடுவாயைப் பங்கிடும் 6, 7 ஆகிய சிலிண்டர்கள் 180 பாகை இடைவெளியில் வெடிக்க, எக்ஸாஸ்ட் வால்வோ 180 பாகைக்கு மேல் திறந்திருப்பதால், ஒன்று முடிக்கும் முன்பே மற்றொன்று அதே வாயில் புகையைத் தள்ளுகிறது. ஃப்ளாட்ஹெட்டின் அந்தக் குழைந்த, சற்றே கரகரத்த குரலில் இதற்கும் பங்குண்டு. அறைச் சைலன்சர் இந்தக் குரலின் மேல் தன் சொந்தக் குரலை ஏற்றிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த எஞ்சின் என்றே தெரியாது. ஃப்ளாட்ஹெட்டைத் தேடிப்பிடித்து வாங்கியவர் அதைக் கேட்க விரும்புவார் அல்லவா?

அகலம் சற்றே கூடுதல் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். 1932 வண்டியின் கீழே படுத்துப் பார்த்தால் அந்தப் பெட்டி எவ்வளவு அசிங்கமாகத் தொங்கும் என்பது புரியும்.

எண்கணிதன் எழுதியது:

குழாய் அளவைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எஞ்சின் கட்டுவோர் பரவலாகக் கையாளும் நடைமுறை விதி ஒன்று, ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.2 கன அடி ஓட்டம் சைலன்சர் வழியே இருந்தால் திறன் இழப்பு உணரத்தக்கதாக இராது என்பது. 120 குதிரைத்திறனுக்கு 264 கன அடி; இரண்டு பக்கமாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 132.

நேரான குழாய் ஒன்று, ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 115 கன அடி கடத்தும் என்று அதே விதி கொள்கிறது. ஒன்றே முக்கால் அங்குல வெளிவிட்டமுள்ள குழாயில், சுவர்த் தடிமன் 0.065 அங்குலம் என்றால் உள்விட்டம் 1.62, பரப்பு சுமார் 2.06 சதுர அங்குலம், கடத்தும் அளவு 237 கன அடி. தேவை 132 மட்டுமே. வளைவுகளால் ஒரு பகுதி குறைந்தாலும் மிச்சம் இருக்கிறது. இரண்டு அங்குலக் குழாய்க்கு 316 வருகிறது. இரண்டரை அங்குலம் போடச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. பெரிய குழாயால் எஞ்சினுக்கு ஒரு குதிரை கூடக் கூடாது. சத்தமும் எடையும் மட்டும் கூடும்.

அடுத்து ரீங்காரம். உங்கள் டயர் அளவுக்கும் 3.78 விகிதத்துக்கும் 55 மைல் வேகம் என்பது சுமார் 2,500 சுற்று. நான்குவீச்சு எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு, ஆகவே எட்டுச் சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 167. ஒரு பக்கத்துக்கு மட்டும் பார்த்தால் 83. இரண்டு குழாய்களும் கடைசிவரை தனித்தனியாகப் போவதால், ஒவ்வொன்றும் 83 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழே அந்த நொண்டலிலிருந்து பிறக்கும் அதிர்வுகளுமாக உமிழ்கிறது. இழை அடைத்த சைலன்சருக்கு மிகக் கடினமான இரை இந்தத் தாழ்ந்த ஒலிதான். ஆகவே சைலன்சரை மாற்றும் முன், சைலன்சர்களுக்கு முன்னால் இரண்டு குழாய்களையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாயைப் போடுங்கள். ஒரு பக்கத்தின் இடைவெளியை மறுபக்கத்தின் துடிப்பு ஓரளவு நிரப்பும். சமனாகும் அளவுக்கு ஒலி 83இலிருந்து 167ஐ நோக்கி நகரும். அதை அடக்க இழையால் இயலும்.

கூரையில் துணி இருக்கிறதா, தகடா? அந்த வண்டிகளின் கூரை நடுவில் தொழிற்சாலையிலிருந்தே துணிதான். பலரும் தகடு வைத்து அடைக்கிறார்கள். உள்ளே எதுவும் ஒட்டாமல் அடைத்தால் அது பறை மாதிரி அதிரும். அந்நிலையில் எந்தச் சைலன்சரும் உங்களைக் காப்பாற்றாது.

புதுவண்டி எழுதியது:

ஒரு சந்தேகம். எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) தேவை, அது இல்லாவிட்டால் கீழ்ச் சுற்றில் இழுவை குறையும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேர்வழிச் சைலன்சர் போட்டால் அந்தப் பின்னழுத்தம் போய்விடாதா?

எண்கணிதன் எழுதியது:

எந்த எஞ்சினுக்கும் பின்னழுத்தம் தேவையில்லை. தேவைப்படுவது வேகம். குழாய் அளவாக இருந்தால் புகை விரைந்து ஓடித் தன் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை விட்டுச் செல்லும். அளவுக்கு மீறிய குழாயில் அது சோம்பிவிடும். பெரிய குழாயைப் போட்டு இழுவையை இழந்தவர்கள், இழந்தது பின்னழுத்தம் என்று எண்ணிக்கொண்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு: தடை குறைந்ததும் காற்று கூடுகிறது, கார்பரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றாததால் கலவை மெலிகிறது, எஞ்சின் தயங்குகிறது. அச்சாணி அவர்களே, சைலன்சர் மாற்றியபின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள், வெளிறியிருந்தால் கலவை மெலிந்திருக்கிறது.

பழந்தடம் எழுதியது:

தோற்றம் கெடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள், ஆகவே தோற்றத்தின் வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஹாட் ராடுகள் பிறந்தது தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில். மியூராக், எல் மிராஜ் போன்ற இடங்களில் ஓடியவர்கள் ஒன்றுகூடி 1937இல் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷனை அமைத்தார்கள். அன்று பலருக்கும் ஒரே வண்டிதான். வாரநாளில் வேலைக்குப் போவதும் அதில், ஞாயிறன்று ஏரியில் ஓடுவதும் அதில். ஏரி என்று பொருள்படும் லேக்ஸ் பைப் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. எஞ்சினின் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் குழாயின் வாயில் ஒரு மூடி. சாலையில் மூடியை முடுக்கிவிட்டால் புகை சைலன்சர் வழியே போகும், ஏரியில் கழற்றினால் நேரே வெளியேறும்.

இன்று பலர் அந்தக் குழாயை மட்டும் வைத்துக்கொண்டு மூடியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். அது வரலாற்றுக்கும் பொருந்தாது, சட்டத்துக்கும் பொருந்தாது. கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27150ஆம் பிரிவு, பதிவு பெற்ற எந்த மோட்டார் வண்டிக்கும் முறையான சைலன்சர் வேண்டும் என்கிறது. சைலன்சரைத் தவிர்த்துச் செல்லும் வழியையும் தடுக்கிறது. 27151ஆம் பிரிவு சத்தத்தைக் கூட்டும் மாற்றங்களைத் தடுக்கிறது. 6,000 பவுண்டுக்குக் குறைந்த கார்களுக்கு எல்லை 95 டெசிபல். முன்பெல்லாம் இந்தக் குற்றத்துக்குக் கொடுக்கும் சீட்டை, வண்டியைச் சரிசெய்து காட்டித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. 2019இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஏபி 1824 என்ற மாநிலச் சட்டம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது.

1975ஆம் ஆண்டு வரையிலான வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை இல்லை என்பதைக் கேட்டுவிட்டு, ஒலிக்கும் விலக்கு உண்டு என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அவை இரண்டும் வேறு வேறு.

நெடுஞ்சாலை நாடோடி எழுதியது:

பட்டறைக்காரன் அவர்களின் தீப்பொறி வரிசை விளக்கத்தைத் தாளில் எழுதிப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. என் 350க்கு அறைச் சைலன்சரை விட மாட்டேன். ஃப்ளாட்ஹெட்டுக்கு அதைப் பரிந்துரைத்ததைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இழை எரியும் கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை.

பட்டறைக்காரன் எழுதியது:

விடை இழையின் தரத்திலும், சைலன்சர் இருக்கும் இடத்திலும் இருக்கிறது. மேனிஃபோல்டுக்கு அருகில் வைத்தால் வெப்பம் மிகுதி, இழை விரைவில் சிதையும். பின் அச்சை நோக்கித் தள்ளி வைத்தால் புகை ஆறி வரும், இழை நெடுநாள் நிற்கும். ஆனால் அங்கே வேறொரு பகைவன் உண்டு, நீர். பெட்ரோல் எரிந்தால் நீராவி பிறக்கிறது. வண்டியைக் கடைவரை ஓட்டிவிட்டு நிறுத்தினால் அது சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கி உள்ளிருந்து அரிக்கும். ஹாட் ராடுகளின் சைலன்சர்கள் ஓடி அழிவதைவிட நின்று அழிவதே மிகுதி. அலுமினியப் பூச்சிட்ட எஃகு சில ஆண்டுகள் தாங்கும்; காசு இருந்தால் 304 துருப்பிடிக்காத எஃகை வாங்கி, கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கக் கறுப்பு வெப்பப் பெயிண்ட் அடித்துவிடலாம். எஃகு இழை அடைத்தது கிடைத்தால் கண்ணாடி இழையை விட அதுவே மேல்.

உள்குழாயையும் கேட்டு வாங்குங்கள். சில கிளாஸ்பேக்குகளில் வட்டத் துளைகளுக்குப் பதிலாக, தகட்டைக் கீறி உள்நோக்கி மடித்த செதில்கள் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தேங்காய்த் துருவியின் பல் போலத் தெரியும். அவை ஓட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்பதால் சற்று அமைதி கிடைக்கும், ஆனால் குழாய் அளவில் எண்கணிதன் மிச்சப்படுத்தித் தந்ததை இங்கே செலவழித்துவிடும். துளையிட்டதே நல்லது.

ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவரின் வண்டிக்கு நானே குழாய் இழுத்தேன். 1939க்குப் பிந்தைய ஃபோர்டின் ஹைட்ராலிக் பிரேக்கை அந்த வண்டிக்கு மாற்றியிருந்தார். பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைப்பலகைக்குக் கீழே. இடப்பக்கக் குழாய் அதிலிருந்து இரண்டு விரல் தள்ளிச் செல்லும்படி அமைத்து, அழகாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன். கோடை நாளில், மலைச்சாலை இறக்கத்தில், பிரேக் திரவம் கொதித்துக் காலடியில் மிதி பஞ்சாகிவிட்டது. கியரையும் கைப்பிரேக்கையும் வைத்து எப்படியோ நிறுத்தினார். மறுநாளே அறுத்து எடுத்தேன். அச்சாணி, உங்கள் வண்டியிலும் ஹைட்ராலிக் பிரேக்காகத்தான் இருக்கும். இடப்பக்கத்தில் ஸ்டீயரிங் பெட்டி, பெடல்கள், மாஸ்டர் சிலிண்டர் என்று மூன்றும் நெருங்கி நிற்கின்றன. வலப்பக்கத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார். இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். பெட்ரோல் குழாயையும் புகைக்குழாய் பக்கமே அண்டவிடாதீர்கள். ஃப்ளாட்ஹெட்டின் எரிபொருள் பம்பு இயல்பாகவே சூடான இடத்தில் இருக்கிறது, பெட்ரோல் ஆவியாகி வண்டி நடுவழியில் நிற்கும்.

அச்சாணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வண்டியைத் தூக்கி நிறுத்திக் கீழே படுத்து அளந்தேன். 1932 வண்டியின் அடிச்சட்டத்தில், அடுத்த ஆண்டு வந்தது போன்ற எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டம் இல்லாததால் கியர் பெட்டிக்குப் பின்னால் எதிர்பார்த்ததைவிட இடம் இருக்கிறது. 28 அங்குல உடல் கொண்ட நேர்வழிச் சைலன்சர் இருபுறமும் அடங்கும். மூன்றரை அங்குல விட்டத்துக்கு மேல் போனால் அடிச்சட்டத்துக்குக் கீழே எட்டிப்பார்க்கும். மாஸ்டர் சிலிண்டருக்கும் இடப்பக்கக் குழாய்க்கும் இடையே இப்போது இருப்பது ஓர் அங்குலம்தான். அதைப் படித்ததிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவில்லை. கூரை தகடுதான், உள்ளே வெறும் பெயிண்ட்.

முடிவு செய்திருப்பது: ஒன்றே முக்கால் அங்குலக் குழாய், கியர் பெட்டிக்குக் கீழே குறுக்குக் குழாய், 28 அங்குலச் சைலன்சர்கள், எஃகு இழை. குழாயின் வாய் எங்கே முடிய வேண்டும்? பின் சக்கரத்துக்கு முன்பே பக்கவாட்டில் விட்டால் வேலை எளிது.

பட்டறைக்காரன் எழுதியது:

எளிதுதான், ஆனால் விடாதீர்கள். 90 ஆண்டு கடந்த உடலின் தரையில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியாது. பக்கவாட்டில் விட்ட புகை வண்டிக்கு அடியில் சுழன்று உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பின் அச்சைத் தாண்டி, உடலின் பின்விளிம்புக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். அந்தக் கூடுதல் நீளமே சத்தத்தையும் இன்னும் கொஞ்சம் குறைக்கும். குறுக்கே கிடக்கும் பின் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கினாலும் அச்சு குழாயில் இடிக்காதபடி வளைவை அமையுங்கள். வண்டியைத் தூக்கி வைத்து அச்சு தொங்கும் நிலையில் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், சக்கரத்தில் நிற்கவைத்து அளக்க வேண்டும்.

தொங்கவிடும் பட்டைகளில் ரப்பர் இருக்கட்டும். இரும்போடு இரும்பை முடுக்கினால் சைலன்சர் விழுங்கிய ஒலியை அடிச்சட்டம் திருப்பி உமிழும். எஞ்சினும் ரப்பர் மேல் ஆடுகிறது என்பதை மறந்து குழாயை இறுக்கிக் கட்டினால், மேனிஃபோல்டின் இணைப்பில் விரிசல் விழும். அந்த இணைப்பில் கசிவிருந்தால் ஆக்சிலரேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும். பலர் அதற்குப் பழியைக் கார்பரேட்டர் மேல் போடுகிறார்கள்.

எண்கணிதன் எழுதியது:

இவ்வளவும் செய்தபின்னும் ஒரே ஒரு வேகத்தில் மட்டும் ரீங்காரம் மிஞ்சினால், குழாயின் பக்கத்தில் ஒருமுனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைக்கலாம். அதன் நீளம் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு. சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 500 மீட்டர் அளவில் இருக்கும் என்று கொண்டால், 167 ஹெர்ட்ஸுக்கு முக்கால் மீட்டர் வருகிறது. அடைத்த முனையில் வாயு ஆறியிருக்கும் என்பதால் சற்றுக் குறைத்தே வெட்ட வேண்டும். ஆனால் முதலில் கூரைக்குள் ஒலித்தடுப்பு அட்டையை ஒட்டுங்கள். அது மலிவு, வெல்டிங்கும் வேண்டாம்.

அச்சாணி எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பின் வருகிறேன். குழாய்களை வீட்டருகே உள்ள ஒரு பட்டறையில் வளைத்து வாங்கினேன். பற்றவைப்பை நானே செய்தேன், ஆகவே அழகைப் பற்றிக் கேட்க வேண்டாம். இடப்பக்கக் குழாய் இப்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளிப் போகிறது, நடுவே தகடும் உண்டு. குறுக்குக் குழாயை முதலில் போட்டு, பழைய சைலன்சர்களோடு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். காதை அடைக்கும் அந்தத் துடிப்பு அதிலேயே பாதி போயிற்று. நீளச் சைலன்சர்களும் கூரை அட்டையும் சேர்ந்தபின், 55 மைல் வேகத்தில் பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் அந்தப் பழைய கரகரப்பு அப்படியே வருகிறது.

மெலிந்த கலவையைப் பற்றிச் சொன்னது சரியாக இருந்தது. பிளக்குகள் வெளிறிப்போயிருந்தன, இரண்டு கார்பரேட்டரிலும் ஜெட்டை ஒரு படி கூட்டியிருக்கிறேன். 60க்கு மேல் போனால் ஒரு மெல்லிய ரீங்காரம் மிச்சமிருக்கிறது. கிளைக்குழாய்க்கு இப்போதைக்கு அவசரமில்லை, ஏனெனில் அந்த வேகத்தில் என் பிரேக்குகள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பழைய சைலன்சர்கள் இரண்டும் கராஜில் கிடக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் தபால் செலவு மட்டும் போதும்.